கல்லுக்கும் என்ஜினுக்கும் நடுவே

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிற தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். காடு, மலை, ஆறு என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறுகிற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று நடுவில் நின்றது. அதன் என்ஜினுக்கு அடியில் மாட்டுவதற்கு இரண்டு தகடுகளை எடுத்து வைத்திருந்தீர்கள். ஒன்று அலுமினியம், மற்றது இரும்பு. "அண்ணா, இதுல எது நல்லதுங்க?" என்று ஒருவர் கேட்டார். அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு எங்கோ போய்விட்டது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் பழையதெல்லாம் பொங்கிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் சங்ககிரியில் பட்டறை வைத்திருந்தேன். ஊர் முழுக்க லாரி. பாடி கட்டுகிறவர், டயர் ஒட்டுகிறவர், ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர் எல்லாரும் லாரிக்கே வேலை செய்தார்கள். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளைத் தொடுகிற ஆள் நான் ஒருவன்தான். அதனால்தான் கோழி டாக்டர் என்னிடம் வந்தார்.

அவர் கால்நடை மருத்துவர். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பண்ணைகள் எல்லாம் தோட்டத்துக்கு நடுவில், தார் ரோட்டிலிருந்து மூன்று நான்கு மைல் உள்ளே இருக்கும். வண்டித்தடம், பாறை, ஓடை என்று எல்லாவற்றையும் தாண்டி அவர் தன் கனமான நாலு ஸ்ட்ரோக் வண்டியில் போவார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு. அவசரம் அதிகம்.

அந்த வண்டியின் அடிவயிறு அலுமினிய வார்ப்பு. அதற்குள்தான் ஆயில் நிற்கும். எங்கள் பக்கம் அதைச் சேம்பர் என்போம். ஒரு கல் சரியாகத் தாக்கினால் முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்டுவிடும். அவருடையது ஒருமுறை அப்படித்தான் உடைந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்து மாட்டிய பிறகு, "இதுக்கு அடியில ஒரு தகடு போட்டுக் குடுங்க பட்டறைக்காரரே" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லாரியில் சேம்பருக்குக் காவல் தகடு போட்டுப் பார்த்திருக்கிறேன், மோட்டார் சைக்கிளுக்கு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஜில்லாவில் முதல் ஆள் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்கத்துப் பட்டறையில் லாரியின் அடிச்சட்டத்திலிருந்து வெட்டிப் போட்ட இரும்புத் துண்டு கிடந்தது. சுத்தியால் அடித்தால் சுத்திதான் திரும்பி வரும், அத்தனை தடிமன். அதையே எடுத்தேன்.

"கீழ ரொம்பத் தொங்கிடாதே? ஏற்கெனவே வண்டி தரையத் தட்டுது" என்றார் டாக்டர்.

"தொங்காதுங்க. சேம்பரோட ஒட்டி வெச்சிருக்கறேனுங்க. நடுவுல ஒரு காயிதம் நொழையாது" என்று நான் பெருமையடித்தேன். வண்டிச் சட்டத்தின் முன்குழாயிலும் பின்னாலும் வைத்து வெல்டும் அடித்துவிட்டேன். யானை மிதித்தாலும் தாங்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஆள் வந்தது. ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் வண்டி கிடக்கிறது, சேம்பர் உடைந்து ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது என்று தகவல். நான் நம்பவில்லை. பஸ் பிடித்து, இறங்கி நடந்து, பண்ணைக்குப் போய், முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்தேன். தகட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். நெளியக்கூட இல்லை. அதற்கு மேலே சேம்பர் குறுக்காகப் பிளந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மறுபடியும் படுத்துப் பார்த்தேன். ஒன்றுமே புரியவில்லை.

பண்ணை வாசலில் ஓர் அம்மா முட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சந்தைக்குப் போகிற முட்டை. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, இன்றுவரை அது எனக்கு ஒரு குறைதான். நான் எழுவதும் படுப்பதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க, அத்தாத்தண்டி இரும்பு போட்டுமா ஒடஞ்சு போச்சுதுங்க?"

"அதானுங்க புரியல. இரும்புக்கு ஒண்ணுமே ஆகல. உள்ளுக்குள்ள வெடிச்சிருக்குது."

"இரும்பு அதத் தொட்டுட்டு இருந்துதுங்களா?"

"ஆமாங்க. நல்லா ஒட்டி வெச்சிருந்தேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடையைக் காட்டினார். அடியிலும் சுற்றிலும் உமி. நடுவில் முட்டைகள். "நாங்க முட்டையக் கூடையோட ஒட்டி வெக்க மாட்டோமுங்க. ரெண்டு வெரல் தள்ளித்தான் வெப்போம். பஸ்ஸு மேல போடறப்ப அடி கூடைக்கு உளுகும். ஒட்டி இருந்துதுன்னா கூடை நல்லாருக்கும், முட்டைதான் போயிரும். இதென்னங்க, உங்குளுக்குத் தெரியாததுங்களா?"

எனக்குத் தெரியாதுதான்! முகம் சுட்டது. மறுபடியும் படுத்தேன். இந்த முறை கண் திறந்திருந்தது. கல் அடித்த அடியை என் இரும்பு கொஞ்சம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அப்படியே மேலே கொடுத்துவிட்டது. அது நெளிந்திருந்தால் சேம்பர் பிழைத்திருக்கும். நெளிய அதற்கு இடமும் இல்லை, நெளிகிற தடிமனும் இல்லை.

ஆகவே, அலுமினியமா இரும்பா என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு கல் இங்கே அடித்தால் அந்த அடி எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்று விரல் வைத்துப் பாருங்கள். தகடு கெட்டால் வேறு தகடு போடலாம். அதற்காகத்தானே அதை மாட்டுகிறோம்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. சேம்பர் இரண்டாம் முறை சேலத்துக்குப் போய் வந்தது. என் தகட்டை நானே அறுத்து எறிந்தேன். தகடே வேண்டாம் என்று அவர் சில மாதம் ஓட்டினார். பிறகு ஐப்பசி வந்தது, மழை வந்தது, மழையோடு கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சலும் வந்தது.

அந்த நோயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இன்று ஒரு கோழி கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஒரு வாரத்தில் கொட்டகையில் சத்தமே இருக்காது. வந்த பிறகு மருந்து இல்லை. வராத பண்ணைக்கு முந்திக்கொண்டு தடுப்பு மருந்து போடலாம், அவ்வளவுதான்.

நாலு நாள் மழைக்குப் பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவே இல்லை.

"பட்டறைக்காரரே, பன்னெண்டு மணி ரயில்ல தடுப்பு மருந்து வருது. நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு பண்ணை. குஞ்சு மட்டும் ரெண்டு கொட்டகை இருக்கு. பக்கத்துப் பண்ணைக்கு நோய் வந்தாச்சு. வழியில தரைப்பாலத்த வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, ஜீப்பு போகாது. ஓடைக்குள்ள இறங்கித்தான் போகணும். பூராவும் கல்லு. ரயில் வர்றதுக்குள்ள ஒரு தகடு வேணும்."

"ரெண்டு மணி நேரத்துலயாங்க?"

"போன தடவ எத்தனை நாள் எடுத்தீங்க?"

"மூணு நாளுங்க."

"அப்படியும் சேம்பர் உடைஞ்சுதே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் வண்டியை என்னிடம் விட்டார். அவர் என்மேல் வைத்த நம்பிக்கையா, வேறு ஆள் இல்லாத கொடுமையா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

தம்பி தங்கைகளே, அந்த இரண்டு மணி நேரம்! இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. தடித்த இரும்பு கை எட்டும் தூரத்தில் கிடந்தது, தொடவில்லை. பாடி கட்டுகிற மெல்லிய தகடு அப்பளம் மாதிரி, அதையும் விட்டேன். உடைந்த லாரி ஒன்றின் கருவிப்பெட்டி மூலையில் கிடந்தது. அதன் தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வளைந்தது. இதுதான் என்று கத்தினேன். முன்பக்கம் முறத்தின் நுனி மாதிரி மேலே தூக்கி வளைத்தேன். கல்லில் முட்டாமல் ஏறி வழுக்க வேண்டும். நான்கு போல்ட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதிர்ச்சியைத் தாங்குகிற லாரி ரப்பர் புஷ்ஷை அறுத்து வைத்தேன். சேம்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போய் வந்தது. தகடு திடமாக நிற்பதற்காக விளிம்பை இரண்டு பக்கமும் உள்ளே மடித்து அடித்தேன். அந்த மடிப்பு அவ்வளவு அழகு! இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

சேறும் தண்ணீரும் வடிவதற்கு அடியில் வரிசையாகத் துளை போட வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தும் வைத்திருந்தேன். அதற்குள் ரயில் ஊதியது.

"ஓட்ட போடோணுமுங்க, ஒரு கால் மணி நேரம்" என்றேன்.

"அது இல்லேன்னா கல்லுக்குத் தாங்காதா?"

"கல்லுக்குத் தாங்குமுங்க."

"அப்ப விடுங்க" என்றார். விட்டேன்.

ஸ்டேஷனில் மருந்து ஒரு பெரிய தெர்மாஸ் பிளாஸ்க்கில் வந்தது. உள்ளே ஐஸ், ஐஸுக்குள் சின்னச் சின்னக் குப்பிகள். ஐஸ் கரைந்துவிட்டால் மருந்து வெறும் தண்ணீர்தான். டாக்டர் பிளாஸ்க்கை என் கையில் கொடுத்து, "ஏறுங்க" என்றார்.

"நானுங்களா?"

"தகடு கழண்டா நானா மாட்டறது?"

பட்டறையைப் பூட்டாமலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன்!

திருச்செங்கோடு, ராசிபுரம் வரை தார் ரோடு. அவர் ஓட்டிய வேகத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பிளாஸ்க்கைக் காதோடு வைத்துக் குலுக்குவேன். "இருக்குதுங்க!" என்று அவர் காதில் கத்துவேன். ராசிபுரம் வரைக்கும் உள்ளே கலகலவென்று கேட்டது. நாமகிரிப்பேட்டை தாண்டும்போது சத்தம் மெலிந்துவிட்டது. "கம்மியாகுதுங்க!" என்றேன். அவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினார். வண்டி பாய்ந்தது.

மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே மண்தடத்தில் போய் ஓடைக்கரையில் நின்றோம். தரைப்பாலம் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் பல் மாதிரி கான்கிரீட் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சிவப்புத் தண்ணீர். அதற்கடியில் கல். அக்கரையில் நின்ற ஆட்கள் கையை ஆட்டி, "வேண்டாமுங்க, எறங்காதீங்க!" என்று கத்தினார்கள். டாக்டர் முதல் கியர் போட்டார். நான் இறங்கி, பிளாஸ்க்கைத் தலைமேல் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பாதி ஓடையில் டங்கென்று ஒரு சத்தம். என் நெஞ்சிலேயே அடித்த மாதிரி இருந்தது. வண்டி ஒரு பாறைமேல் ஏறி வயிற்றால் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் தண்ணீரில் வெறுமே சுற்றியது. மொத்தக் கனமும் என் தகட்டின்மேல்!

"பின்னால இழுக்கட்டுமா?" என்று டாக்டர் கத்தினார்.

பின்னால் இழுத்தால் பாறையின் கூர்முனை தகட்டின் பின்விளிம்பில் மாட்டும். அங்கே வளைவு இல்லை. "வேண்டாமுங்க! முன்னாலயே தள்ளோணும்! வழுக்கிட்டுப் போயிரும்!" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வழுக்கும் என்று எனக்கு என்ன நிச்சயம்? ஒரு கையால் தலைமேல் பிளாஸ்க், ஒரு கையால் வண்டி. அவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, நான் தோளைக் கொடுத்து முட்டினேன். முதல் முட்டு, அசையவில்லை. இரண்டாவது முட்டில் தகடு பாறையை உரசி சர்ரென்று ஒரு நீளச் சத்தம் போட்டது. வண்டி முன்னால் வழுக்கி இறங்கியது! சக்கரம் தரையைப் பிடித்தது! நான் தண்ணீரில் நின்றுகொண்டு ஊளையே இட்டேன். கரையில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

கரையேறியதும் டாக்டர், "ஆயில் பாருங்க" என்றார். அடியில் கை விட்டேன். தகடு நன்றாக உள்வாங்கியிருந்தது. இரண்டு விரல் இடைவெளி ஒரு விரலாகியிருந்தது. சேம்பரில் கை வைத்துப் பார்த்தேன். தண்ணீர், சேறு. ஆயில் ஒரு சொட்டு இல்லை. "தாங்கிருச்சுங்க!" என்றேன். அப்போதுதான் அவர் முதல்முறையாக என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு அரை மைல் சேற்றுத் தடம். நோய் வந்த பண்ணையில் செத்த கோழிகளைத் தடத்தோரம் கொட்டியிருந்தார்கள். மழை அவற்றைக் கரைத்துப் பாதையெல்லாம் பரப்பியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். என் மனம் இன்னும் அந்தப் பாறைமேலேயே இருந்தது.

பண்ணை தெரிந்தது. மூங்கில் படல் கதவுக்கு அந்தப் பக்கம் பழனியம்மாள் நின்றார். அந்தத் தோட்டமும் பண்ணையும் அவர் நடத்துவது. எங்களைப் பார்த்ததும் படலைத் திறந்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டே கையைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே போய் நின்று என் தகட்டை எல்லாருக்கும் காட்ட வேண்டும்!

டாக்டர் ஐம்பது அடி முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"உள்ள வாங்க டாக்டருங்க, ஏன் அங்கியே நின்னுட்டீங்க?" என்று பழனியம்மாள் கூப்பிட்டார்.

"கிட்ட வராதீங்கம்மா! படலைச் சாத்துங்க!"

டாக்டர் குனிந்து என் தகட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளி என்னிடம் காட்டினார். சேற்றில் வெள்ளை இறகுகள். கோழியின் கழிவு. தகடு ஒரு தட்டு மாதிரி அந்த அரை மைல் பாதையையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. வடிவதற்குத் துளை இல்லை. உள்ளே மடித்த விளிம்பு நிறைய அடைந்திருந்தது.

"இதோட உள்ள போயிருந்தா மருந்து போட வேண்டிய வேலையே இல்ல" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார்.

பழனியம்மாள் சோப்பும் வேட்டியும் தண்ணீரும் கிருமிநாசினியும் படலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு விலகினார். டாக்டர் தடத்திலேயே குளித்தார், வேட்டியை மாற்றினார், பிளாஸ்க்கின் வெளிப்பக்கத்தை கிருமிநாசினியால் மூன்று முறை துடைத்தார். திறந்து பார்த்தார். நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு ஐஸ் துண்டு மிச்சம் இருந்தது. "நீங்க வெளியவே இருங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஓடினார்.

நான் தகட்டைக் கழற்றினேன். குச்சியால் சுரண்டினேன், கழுவினேன், கிருமிநாசினி ஊற்றினேன். வெளியே பளபளவென்று ஆகிவிட்டது. மடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு இழுத்தேன். இறகு வந்தது. மறுபடியும் கழுவி இழுத்தேன், மறுபடியும் இறகு. எத்தனை முறை இழுத்தாலும் ஏதாவது வந்துகொண்டே இருந்தது. அந்த மடிப்பை அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அழகாக அடித்திருந்தேன். டாக்டர் மறுநாள் இதே வண்டியில் வேறு இரண்டு பண்ணைகளுக்குப் போகிறவர்.

ரொம்ப நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறையைத் தாங்கிய தகடு. என் வாழ்நாளில் அதுவரை நான் செய்த நல்ல வேலை அதுதான். பிறகு எழுந்து, "அம்மா, ஒரு மம்முட்டி வேணுமுங்க, கொஞ்சம் சுண்ணாம்பும்" என்று படலுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து பழனியம்மாளின் குரல் கேட்டது. "முடிஞ்சுதுங்க! அத்தன குஞ்சுக்கும் சொட்டு உட்டாச்சுங்க!" நான் தனியாகத் தடத்தில் நின்று கை தட்டினேன்.

டாக்டர் வெளியே வந்தார். முழங்கை வரை மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சு முடி. வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"தகடு எங்க?"

"பொதைச்சுட்டேனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தடத்தோரத்தில் புதிதாக மூடிய குழியையும், மேலே தூவியிருந்த சுண்ணாம்பையும் பார்த்தார்.

"திரும்பிப் போறப்ப கல்லு இருக்கே?"

"மெதுவாப் போலாமுங்க. நாந் தூக்கறேன்."

ஓடையில் இருவரும் இறங்கி, என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகச் சக்கரத்தைத் தூக்கி வைத்து வண்டியை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தோம். நடு ஓடையில் அவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பட்டறை வாசலில் அந்த வண்டிச் சத்தம். அவர் என்ஜினை நிறுத்தவில்லை.

"பட்டறைக்காரரே! ரெண்டு கொட்டகையும் நிக்குது! நோயில ஒண்ணுகூடச் சாகல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் அடிவயிற்றைக் காட்டினார்.

"இப்ப ஒண்ணு போடுங்க. இந்த தடவ நேரம் இருக்கு."

விளிம்பு மடிக்காமல், வரிசையாகத் துளை போட்டு, பூட்டிய இரண்டு இரும்பு ஊசியை உருவினால் கழுவுவதற்குக் கையோடு வந்துவிடுகிற மாதிரி ஒரு தகடு செய்தேன். நாலு நாள் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவே இல்லை. தினமும் சாயங்காலம் வந்து, வண்டிக்கு அடியில் என் பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.